நாலாயிரத்து ஒன்றாம் டாலர்

வாழி சஜிதா! கருஞ்சக்கரங்கள் இருபுறமும் பூட்டிய எஃகுத்தண்டைப் பற்றி, மூச்சடக்கி, முழந்தாள் மடக்கி, எண்பத்தெட்டுக் கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தி, நடுவர் மூவரும் வெள்ளை விளக்கு ஏற்றும்வரை இமை கொட்டாது நின்ற வச்சிரத்தோளாள் வாழி! ஸ்ரீகாந்தன் பெற்ற சிங்கக்குட்டி, புஸ்பராணியின் ஒரே செல்வம், பல்கலைக்கழகப் பளுதூக்கும் அணியின் பட்டத்து யானை, பதினோரு இலக்க ஏபிஎன் என்னும் வணிகப் பதிவு எண்ணைத் தன் பெயரோடு சேர்த்தணிந்த இருபத்தொரு வயதுப் பெருமாட்டி, ஒரு கிலோ மாவுப் பையின் முகப்பில் நின்றபடி மேற்கு சிட்னியின் மளிகைக்கடைகள் அத்தனையிலும் புன்னகை பூக்கும் திருமுகத்தாள், தோல்வி என்ற சொல்லையே கேட்டறியாதவள் (கோல்ட் கோஸ்ட் போட்டியில் ஒரு தடவை கேட்டாள், அது இங்கே எதற்கு), அப்பேர்ப்பட்ட வீராங்கனை ஓர் அக்டோபர் மாதச் சனிக்கிழமைக் காலையில், எந்த இரும்பும் இதுவரை தராத சோதனை ஒன்றை எதிர்கொண்டாள். வருமான வரிப் படிவம் நிரப்ப உட்கார்ந்திருந்தாள்.

காவியம் என்றால் முதலில் கடவுளைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் ஆரம்பித்தவர்கள் பாடு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். ஆகவே, பாஸ்வேர்டை மறந்தோர்க்குக் கண்ணீரும் மறவாதோர்க்கு ஆறு இலக்கக் குறுஞ்செய்தியும் அருளும் அரசாங்க இணையவாசலாம் மைகவ் அம்மையே, உன் வாசற்படியில் தலை வைத்தோம். நடுவே எழுந்து டீ போடப் போனாலும் எங்களை வெளியே தள்ளிவிடாதே தாயே! நாங்கள் பாடப்போவது மண்ணுக்காக நடந்த போர் அன்று, மகுடத்துக்காக நடந்த போரும் அன்று. ஒரே ஒரு டாலருக்காக நடந்தது.

நாட்டுச் சிறப்பையும் பாடியாக வேண்டும், மரபு விடாது. செவன் ஹில்ஸ்! ஏழு மலை என்று பெயர் தாங்கிய திருநாடு. மலையைத்தான் யாரும் கண்டதில்லை. ஏழுமலையானோ தெற்கே வெகுதூரம் தள்ளி ஹெலன்ஸ்பர்க் காட்டுக்குள் கோயில் கொண்டிருக்கிறார். காரில் போய் இறங்குவதற்குள் கட்டுசாதம் தீர்ந்துவிடும். ஊருக்குப் பெயர் வைத்தவரும் கோயிலுக்கு இடம் பார்த்தவரும் ஒரு வார்த்தை கலந்து பேசியிருக்கலாம், பேசவில்லை. போகட்டும். அந்நாட்டின் தகரக்கூரைக் கிடங்குகள் அணிவகுத்த தொழிற்பேட்டையில், டயர் விற்கும் கோட்டைக்கும் குளியலறை ஓடு விற்கும் கோட்டைக்கும் நடுவே, அரைவை இயந்திரங்கள் அல்லும் பகலும் முழங்க, வாசலில் நிறுத்திய காரெல்லாம் வெண்ணீறு பூசிக்கொள்ள, ஓங்கி நின்றது பழனிசாமியின் மாவு மில்.

பழனிசாமி ஈரோட்டுப் பக்கத்துக்காரர். வயது அறுபத்திரண்டு, மீசைக்கு இன்னும் முப்பது. தமிழர் விளையாட்டு விழாவில் கயிறிழுக்கும் போட்டியின்போது கடைசி ஆளாக நின்ற சஜிதா, எதிர்ப்பக்கத்து ஆண்கள் ஆறு பேரைப் புல்லோடு புல்லாக இழுத்துப் போட்டதைப் பார்த்தவர், கையிலிருந்த கரும்புச் சாற்றைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்திலேயே முழங்கினார்: "இந்த அம்மிணி மூஞ்சிய நம்ம மாவுப் பையில போட்டே ஆகோணும்!" அப்படித்தான் அணியில் வேறு எவருக்கும் கிட்டாத விளம்பர ஒப்பந்தம் நம் நாயகிக்குக் கிட்டியது.

புகைப்படம் எடுத்த நாளை மட்டும் தனிக் காண்டமாகப் பாடலாம். உள்ளங்கையில் பூச வேண்டிய சுண்ணப்பொடிக்குப் பதிலாக மாவையே பூசச் சொன்னார்கள், கம்பி வழுக்கியது, தும்மல் வந்தது, பன்னிரண்டாவது தும்மலுக்கும் பதின்மூன்றாவது தும்மலுக்கும் இடையில் கிடைத்த அரைக்கணத்தில் எடுத்த படம்தான் இன்றைக்கும் பையில் இருக்கிறது. அதில் அவள் கம்பீரமாகத் தொலைநோக்குவது போலத் தெரியும். உண்மையில் அடுத்த தும்மல் வந்துகொண்டிருந்தது. பையில் என்ன பெயர் போடுவது என்பதிலும் சண்டைதான். ராகி என்றார் பழனிசாமி. அது குரக்கன் என்றார் ஸ்ரீகாந்தன், யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் சொல்வதுபோல. இரண்டு மணி நேரம் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ராகி என்று பெரிய எழுத்திலும், குரக்கன் என்று அதே பெரிய எழுத்திலும் அச்சாகி, மாவு என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போனது.

இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். ஸ்ரீகாந்தனுக்கு இந்த விளம்பரம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு. பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் மனைவியோடும் எட்டு வயதுச் சஜிதாவோடும் படகில் வந்து இறங்கியவர் அவர். முதலில் நிரப்பிய படிவத்தில் அவர் பிறந்த தேதி பன்னிரண்டு என்று இருந்தது. இரண்டாவதில் எவருடைய கை தவறியதோ, இருபத்தொன்று என்று விழுந்துவிட்டது. பன்னிரண்டா, இருபத்தொன்றா? அதைக் கேட்டுக் கடிதம், விளக்கம் சொல்லிக் கடிதம், விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் என்று நாலு வருடம் போயிற்று. அந்த நாலு வருடமும் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததாகச் சஜிதாவுக்கு நினைவில்லை. நிரந்தர விசா வந்து இப்போது இரண்டு வருடம் ஆகிறது; ஆனாலும் தபால்பெட்டியைத் திறக்கும்போது அவர் கை ஒரு கணம் நின்றுதான் திறக்கும்.

அதனால் அவர் மகளிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். விளம்பரக் காசு சம்பந்தப்பட்ட கடதாசிகள் எல்லாவற்றிலும் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மாறினாலும் விளம்பரம் அத்தோடு சரி. அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தம் அவருடைய நீல நிறக் கோப்புக்குள் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அது இல்லாவிட்டால், ஏப்ரலில் பெர்த்தில் நடக்கும் பல்கலைக்கழகத் தேசியப் போட்டிக்குச் சஜிதா போக முடியாது. விமானச் செலவில் பாதியை அணி கொடுக்கும், மீதிப் பாதி அவரவர் பாடு. எண்பத்தெட்டைத் தொண்ணூறாக்க அவள் ஒரு வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாள்.

இனி நாயகியின் மதியூகத்தைப் பாடுவோம். விளம்பரத்தால் வரும் வரும்படிக்கும் வரி உண்டு என்ற சேதி, வீரர்கள் உடைமாற்றும் அறையில் பேய்க்கதைபோல உலவிக்கொண்டிருந்தது. காசாக வந்தாலும் சரி, பொருளாக வந்தாலும் சரி, காட்டியே ஆக வேண்டுமாம். படகு வலிக்கும் நரேனுக்கு ஒரு கம்பெனி இரண்டு கூலிங் கிளாஸ் கொடுத்திருந்தது. அவற்றின் விலையும் வருமானம்தான் என்று கேள்விப்பட்ட அன்று, முகத்தில் இருந்ததைக் கழற்றி யாரும் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டான். சஜிதா அஞ்சுபவள் அல்லள். ஜூன் கடைசியில், நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக வேலை பார்த்த சம்பளம் முழுவதும் வந்து சேர்ந்ததும் கூட்டிப் பார்த்தாள், பதினாலாயிரத்து இருநூறு. வரி தொடங்கும் எல்லைக்கோடு பதினெட்டாயிரத்து இருநூறு. இடையில் இருப்பது சரியாக நாலாயிரம்! பழனிசாமி ஐயாயிரம் தருவதாக இருந்தவர். நம் நாயகி அவரிடம் போய், அங்கிள், நாலாயிரம் போதும் என்று சொல்லி, நாலாயிரத்துக்குப் பில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சதம்கூட வரி கட்டப்போவதில்லை என்று அணி முழுக்கப் பறைசாற்றினாள். நூற்றறுபது டாலர் வரியிலிருந்து தப்பிப்பதற்காக ஆயிரம் டாலரை விட்ட ராஜதந்திரம் அது. கணக்கில் புலி என்று அவளை யாரும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். படிவம் அனுப்ப இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப். லேப்டாப்பின் முன்னே சஜிதா. அவள் பின்னே, தடித்த கண்ணாடியணிந்து, அச்செடுத்த வங்கிக் கணக்கை ஏந்தி, ஒவ்வொரு வரியின் கீழும் அடிமட்டம் என்னும் அளவுகோலை வைத்து நகர்த்தியபடி ஸ்ரீகாந்தன். சம்பளம் படிவத்தில் தானாகவே வந்து நின்றது. விளம்பர வருமானம் என்ற கட்டத்தில் அவள் நாலு, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று தட்டினாள். கூட்டுத்தொகை பதினெட்டாயிரத்து இருநூறு என்று ஒளிர்ந்தது. விளிம்புவரை நிரம்பி ஒரு சொட்டும் சிந்தாத குடம்போல நின்றது. கைகள் இரண்டையும் தலைக்கு மேலே உயர்த்தினாள், வெள்ளை விளக்குக்காகக் காத்திருப்பவளைப்போல.

பின்னால் அடிமட்டம் நின்றுவிட்டது.

"பிள்ளை," என்றார் ஸ்ரீகாந்தன், குரல் அடங்கி. "இதில ஒண்டு கூடக் கிடக்கு."

ஆகா, அந்தக் கணத்தை எப்படிச் சொல்வேன்! ஜூன் இருபத்தாறாம் தேதி, பழனிசாமி மில், வரவு: நாலாயிரத்து ஒன்று. எதிரே குறிப்பு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் மூன்றே எழுத்து, மொய். சேனை சூழ வந்திருந்தால் சஜிதா தோள்தட்டி நின்றிருப்பாள். இரும்பு மலை உருண்டு வந்திருந்தால் ஏந்தியிருப்பாள். வந்ததோ ஒரு டாலர். அதைப் படிவத்தில் சேர்த்தால் பில்லோடு ஒத்துப்போகாது, எல்லைக்கோட்டையும் தாண்டிவிடும். சேர்க்காவிட்டால் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகாது. வருடம் முழுவதும் எண்பத்தெட்டுக் கிலோவைத் தூக்கியவளுக்கு அந்த ஒற்றைக் காசை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குசினியிலிருந்து கையில் கரண்டியோடு புறப்பட்டு வந்தார் புஸ்பராணி. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. கலியாண வீட்டில் நூற்றொன்று எழுதுவதில்லையா, ஆயிரத்தொன்று கொடுப்பதில்லையா, அந்த மனுஷன் மரியாதைக்கு ஒன்று மேலே வைத்திருக்கிறார், அன்பளிப்புக்கு எவன் வரி கேட்பான், விட்டுத்தள்ளுங்கள் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு நியாயமாகத்தான் பட்டது. சஜிதாவின் விரல் படிவத்தை அனுப்பும் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

"அன்பளிப்பெண்டு எங்க எழுதிக் கிடக்கு?" என்றார் ஸ்ரீகாந்தன்.

அவ்வளவுதான் கேட்டார். சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை. நீலக் கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டும் இருபத்தொன்றும் பார்த்த அதே முகத்தோடு உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் சஜிதா லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவளுக்குப் பெர்த் கண்முன்னே வந்து, விமானம் ஏறி, அவளை விட்டுவிட்டுப் பறந்து போனது. எழுந்தாள். தண்ணீர்க் குழாய் அருகே சில்லறை போடும் போத்தலைக் கவிழ்த்து, கங்காருக்கள் ஐந்து துள்ளும் பொன்னிற ஒரு டாலர் காசு ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அதை அந்த மாவு மில்லிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது என்று சபதம் செய்தாள். காரை அப்பா ஓட்டினார்.

பத்து நிமிடத்தில் படை மில் வாசலை எட்டியது. உள்ளே இயந்திரங்கள் போர்முரசம்போல் அதிர, மாவுப் புழுதி மேகம்போல் மிதக்க, கல்லாவின் பின்னே வெண்ணிறப் புருவத்தோடு வீற்றிருந்தார் பழனிசாமி. பாதி வயது, மீதி கம்பு மாவு. பக்கத்து மேசையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் அவருடைய மருமகள் லக்ஷ்மிப்ரியா. மில்லின் கணக்கு வழக்கு எல்லாம் அவள் பொறுப்பு. சஜிதா காசைக் கல்லாமேல் வைத்து, விஷயத்தை மரியாதையோடு எடுத்துச் சொல்லி, அதை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினாள். பழனிசாமியின் மீசை முதலில் துடித்தது; அப்புறம்தான் அவர் பேசினார்.

"ஏனுங் தம்பி," என்று ஸ்ரீகாந்தனைப் பார்த்துத் தொடங்கினார். "மொட்டையா நாலாயிரம் குடுத்தா அது கூலிங்க. மேல ஒண்ணு வெச்சாத்தானுங் உறவு. வெச்ச மொய்யத் திருப்பிக் குடுத்தா எங்க ஊர்ல என்ன அர்த்தம்னு தெரியுங்களா?"

அந்தக் காசு கல்லாவைக் கடந்து சஜிதாவிடம் வந்தது. சஜிதா அதை ஒரு விரலால் திருப்பி அனுப்பினாள். பழனிசாமி இரண்டு விரலால் மறுபடி தள்ளினார். அவள் உள்ளங்கையைப் பதித்துத் தள்ளினாள். அவர் பில் புத்தகத்தைக் குறுக்கே வைத்து அரண் கட்டினார். அவள் அரணைச் சுற்றிப் பக்கவாட்டில் தாக்கினாள். காசு உருண்டு, சுழன்று, எடைபோடும் தராசுத் தட்டில் ஏறி விழ, மின்தராசு ஒன்பது கிராம் என்று பறைசாற்றியது. வாசலில் கோதுமை அரைக்க வந்து நின்ற இரண்டு பேர் தங்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஸ்ரீகாந்தனோ ஆயுதம் எதையும் தொடவில்லை. மொய் என்றால் மொய் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும் என்று மட்டும் தாழ்மையாகக் கேட்டார். பழனிசாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மொய்க்கு ரசீது கேட்ட மனிதரை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை.

"மாமா," என்றாள் லக்ஷ்மிப்ரியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதை மொய்னு எழுதித் தர முடியாது. நாலாயிரத்தொண்ணுன்னு விளம்பரச் செலவுலதான் நான் போட்டிருக்கேன்."

உறவுக்காக வைத்த ஒற்றை டாலரை, உறவென்னும் பெயரால் மார்தட்டிய அந்த ஒற்றை டாலரை, மில்லின் செலவுக் கணக்கில் எழுதித் தன் வரியைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் பழனிசாமி! அவருக்கே இப்போதுதான் தெரியும், பாவம். மொய்யை யாராவது செலவில் எழுதுவார்களா என்று மருமகளைக் கேட்டார். மில் கணக்கிலிருந்து அனுப்பினால் வேறு எதில் எழுதுவதாம் என்று அவள் கேட்டாள். வந்த இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் அவள் சொல்வது சரி என்றார். பழனிசாமியின் மீசை கொஞ்சம் இறங்கியது.

வழி மிகச் சுலபம் என்றாள் லக்ஷ்மிப்ரியா. மில் கொடுத்தது நாலாயிரத்து ஒன்று, வங்கியில் வந்தது நாலாயிரத்து ஒன்று; பில்லையும் நாலாயிரத்து ஒன்று என்று திருத்தி எழுதிவிட்டால் தீர்ந்தது. எழுதினார்கள். அச்செடுத்தார்கள். மில் கணக்கு, வங்கிக் கணக்கு, புதுப் பில் என்ற மூன்று தாள்களையும் கல்லாமேல் வரிசையாகப் பரப்பி, ஸ்ரீகாந்தன் காருக்குப் போய் அடிமட்டத்தை எடுத்து வந்து, ஒவ்வொன்றின் கீழும் வைத்துப் பார்த்தார். நாலு, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், ஒன்று. மூன்றிலும் அதே. இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அதில் படிந்திருந்த மாவைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தார்.

படிவத்தை அங்கேயே அனுப்பிவிடலாம் என்று லக்ஷ்மிப்ரியா நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். மைகவ் அம்மை கருணை காட்டினாள். ஆறு இலக்கம் முதல் முயற்சியிலேயே வந்தது. ஆனால் நம் நாயகியின் முகத்தில் களையில்லை. பதினெட்டாயிரத்து இருநூற்றொன்று! கோடு தாண்டிவிட்டது. அந்த ஒரு டாலருக்கு வரி பதினாறு சதம் என்று திரை அறிவித்தது. ஊரெல்லாம் பறைசாற்றிய வெற்றி பதினாறு சதத்தில் போனது. அணியில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று அவள் முணுமுணுத்தாள்.

"கட்டுவம், பிள்ளை," என்றார் ஸ்ரீகாந்தன்.

சஜிதா திரும்பிப் பார்த்தாள். அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. "இந்த நாட்டு அரசாங்கம் எனக்கு எத்தனை கடிதம் போட்டிருக்கு. எல்லாம் கேள்வி. நான் முதல் வரி கட்டினாப்பிறகு வந்தது ஒண்டில மட்டும்தான் கேள்வி இல்லை, கிடைச்சது எண்டு இருந்தது. அது இப்பவும் கோப்பில கிடக்கு. உனக்கும் ஒண்டு இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பணப்பையைத் திறந்து இருபது சதக் காசு ஒன்றை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். அந்த வைப்பில் ஒரு மிடுக்கு இருந்தது பாருங்கள், கப்பம் கட்டும் சிற்றரசன் வைப்பதுபோல் அல்ல, கப்பல் வாங்க வந்த வணிகன் வைப்பதுபோல! அணியாவது, கோடாவது. சஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கே வரித்துறைக் கணினி தன் பாட்டுக்கு இன்னொரு கணக்குப் போட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே தானாகக் கழித்துக்கொள்ளும் சலுகை என்று ஒரு வரி வந்து, பதினாறு சதத்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, கட்ட வேண்டியது பூஜ்ஜியம் என்று காட்டியது.

ஸ்ரீகாந்தன் குனிந்து திரையைப் பார்த்தார். தன் இருபது சதத்தைப் பார்த்தார்.

"எடுக்க மாட்டினமாமோ?" என்றார்.

மாட்டார்கள் என்று லக்ஷ்மிப்ரியா விளக்கினாள். வரிக்கணக்கு அனுப்பியதற்கான கடிதம் எப்படியும் வரும், கேள்வி இல்லாத கடிதம்தான், கவலை வேண்டாம் என்றும் சொன்னாள். அத்தோடு விட்டிருக்கலாம். கணக்கு எழுதுபவளுக்கு வாய் நிற்குமா? இந்த வருமானத்தில் இன்னும் ஆயிரம் கூட வந்திருந்தாலும் இதே பூஜ்ஜியம்தான், மாமா சொன்ன ஐயாயிரத்தை வாங்கியிருந்தாலும் ஒரு பைசா வரி வந்திருக்காதே, ஏன் நாலாயிரம் என்றாய் என்று கேட்டாள். எண்பத்தெட்டுக் கிலோவைத் தூக்கிய வீராங்கனை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். ஆயிரம் டாலர்! பெர்த் விமானத்தில் ஜன்னலோர இருக்கை, கால் நீட்டும் இடத்தோடு! பழனிசாமி சிரித்த சிரிப்பில் மீசையிலிருந்த கம்பு மாவு முழுக்கக் கொட்டியது. ஸ்ரீகாந்தனும் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சஜிதா தன் ஆயிரம் டாலரை மறந்துவிட்டாள்.

படிவம் போயிற்று. ரசீது எண் அச்சாகி நீலக் கோப்புக்குள் புகுந்தது. அதே கோப்பிலிருந்து அடுத்த வருடத்து ஒப்பந்தம் வெளியே வந்தது. ஐயாயிரம் என்று திருத்தி, ஸ்ரீகாந்தன் சம்மதம் சொல்லி, சஜிதா கையெழுத்திட்டாள். போர் முடிந்தது, காசு அவள் பைக்குத் திரும்பியது, கொடி இறங்கியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பழனிசாமி மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாஞ் சரிங்க. இப்ப நாலாயிரத்தொண்ணும் பில்லுக்குள்ள போயிருச்சு. அப்ப மேல வெச்சது எங்கீங்க?"

சட்டைப்பைக்குள் கை விட்டார். புத்தம் புதிய ஒரு டாலர்! லக்ஷ்மிப்ரியா விசைப்பலகையில் விரலை வைத்தபடி, எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று கேட்டாள். எந்தக் கணக்கிலும் இல்லை, இது மில் காசு அல்ல, தன் சட்டைப்பைக் காசு என்றார் அவர். அம்மிணிக்கும் அல்ல, அம்மிணியைப் பெற்றவருக்கு என்றார். சொல்லிக் காசை நீட்டினார். ஸ்ரீகாந்தனின் கண் பழக்க தோஷத்தில் கல்லாமேல் ஒரு கடதாசியைத் தேடியது. கடதாசி இல்லை. தேதி இல்லை, இலக்கம் இல்லை, கையெழுத்தும் இல்லை.

பதின்மூன்று வருடங்களாக ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சாட்சி வைத்திருந்த ஸ்ரீகாந்தன், அடிமட்டத்தின் அதிபதி, நீலக் கோப்பின் நித்திய காவலன், நகலுக்கும் நகல் எடுத்த நாவலந்தீவின் கடைசி நம்பிக்கையற்றவன், முரசங்கள் அதிர, வாளிக்காரர் இருவரும் வாய்பிளக்க, வெண்மாவு வானத்திலிருந்து மலர்போல் சொரிய, சாட்சியே இல்லாத அந்த ஒரு டாலரை இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, கோப்புக்குள் வைக்காமல் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மகளை முன்னே விட்டு வெற்றி நடை போட்டு வெளியேறினார்.

போகும் வழியில் பால் வாங்கக் கடையில் நிறுத்தினார்கள். டிராலியின் பூட்டைத் திறக்க ஒரு டாலர் காசு போட வேண்டியிருந்தது, அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டார்.